ஸ்டீராய்டு களிம்பு: தொடங்கும் அன்றே நிறுத்தும் தேதியை எழுதிவையுங்கள்

எங்கள் வீட்டு மருந்து டப்பாவில் ஒரு டியூப் இருந்தது. பாதி நசுங்கி, அடி சுருண்டு, பெயர் அழிந்து போனது. யாருக்காக வாங்கியது, எந்த வருஷம் வாங்கியது என்று ஒருவருக்கும் நினைவில்லை. கொசு கடித்தால் அதைத்தான் எடுப்போம். வேர்க்குருவுக்கும் அதுதான். அக்குளில் அரித்தால் அதுதான், சின்னவள் கன்னத்தில் வெள்ளைத் திட்டு வந்தபோதும் அதுதான். ஒரு நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். குளோபெட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையான வகை.

இதே வீட்டில் இன்னொரு கூத்தும் நடந்தது. சின்னவளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் வந்தபோது தோல் டாக்டர் முறையாக ஒரு மிதமான களிம்பு எழுதிக்கொடுத்தார். "ஸ்டீராய்டாமே!" என்று பயந்து, கடுகளவு தொட்டு, இரண்டு நாள் பூசி, நிறுத்திவிட்டோம். பிள்ளை ராத்திரியெல்லாம் சொறிந்து தலையணை உறையில் ரத்தக்கறை. தேவையில்லாத இடத்தில் யானைப் பலம், தேவையான இடத்தில் கடுகளவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: என்ன வீரியம், எந்த இடம், எவ்வளவு, எதுவரை என்ற நான்கு கேள்விகளை நாங்கள் கேட்கவே இல்லை.

நான் டாக்டர் இல்லை. பத்து வருஷமாகக் கரப்பானோடு குடித்தனம் நடத்துகிற வீட்டுக்காரன். டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்த பிறகு அதை ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இது ஸ்டீராய்டு கேட்கும் நோய்தானா?

ஸ்டீராய்டு களிம்பு எந்தக் கிருமியையும் கொல்லாது. தோலில் நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டிவிட்ட நெருப்பை அணைக்கும், அவ்வளவுதான். அதனால் அந்த வகை நோய்களுக்குத்தான் அது மருந்து: கரப்பான் எனும் எக்சிமா, காளாஞ்சகப்படை எனும் சொரியாசிஸ், பாத்திரம் தேய்க்கும் சோப்பால் வரும் கை வெடிப்பு, சிமென்ட் வேலை செய்பவர்களின் கைப்புண், கவரிங் தோடு, ஒட்டுப்பொட்டு, தலைச்சாயம் ஆகியவற்றால் வரும் ஒவ்வாமை.

படர்தாமரைக்கு இது எதிரி. படர்தாமரை பூஞ்சையால் வருவது. வட்டமாக இருக்கும், ஓரம் தடித்துச் செதிலாக இருக்கும், நடுப்பகுதி ஆறினதுபோலத் தெரியும். தொடை இடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், பிட்டம் என்று வியர்வை தேங்கும் இடமாகப் பார்த்து வரும். அதன்மேல் ஸ்டீராய்டு பூசினால் முதல் மூன்று நாள் அற்புதமாக இருக்கும். அரிப்பு நின்றுவிடும், சிவப்பு அடங்கும். பூஞ்சையைத் தடுத்து நின்ற எதிர்ப்புச் சக்தியைத் தூங்கவைத்துவிட்டோமே, பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். களிம்பை விட்டதும் இரண்டு மடங்காகக் கிளம்பும், அதுவும் வட்டம் கலைந்து, டாக்டருக்கே அடையாளம் தெரியாத உருவத்தில்.

எனக்கு அப்படித்தான் ஆனது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெடிக்கலில் "தொடையில் அரிக்குது" என்றேன். ஒன்றும் கேட்காமல் ஒரு டியூப் வந்தது. ஒரே களிம்பில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்தது. எதுவாக இருந்தாலும் ஒன்று கேட்குமே என்ற கணக்கு. ஒரு மாதம் பூசினேன். உள்ளங்கை அளவு இருந்தது இடுப்பு வரை ஏறிவிட்டது. அது குணமாக நாலு மாதம் ஆயிற்று. இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும், மருந்துக்கு எளிதில் மசியாத பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020இல் பெயரே வைத்திருக்கிறார்கள். இந்த நிலைமைக்குக் கலவைக் களிம்புகளின் கண்மூடித்தனமான பயன்பாடும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள். ஆகவே டியூபில் மூன்று நான்கு மருந்துப் பெயர்கள் கூட்டணி போட்டு இருந்தால், டாக்டர் சீட்டில் அதுவே எழுதியிருந்தாலொழியத் தொடாதீர்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தோல் மருத்துவர்களின் நீண்ட வற்புறுத்தலுக்குப் பிறகு 2018இல் மத்திய அரசு, பூசும் ஸ்டீராய்டுகளில் 14 மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலின் கட்டுக்குள் கொண்டுவந்தது. கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது வேறு கதை.

அக்கி, சின்னம்மை, சீழ் வைத்த புண், முகப்பரு ஆகியவற்றின் மேலும் பூசக் கூடாது. அக்கிக்குக் காவி எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கை. ஆனால் அதன்மேல் ஸ்டீராய்டு பூசுவது வைரஸுக்கு விருந்து வைப்பது. அப்புறம், வீட்டில் எல்லாருக்குமே ராத்திரியானால் அரிக்கிறது, விரல் இடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அதற்கான மருந்தே தனி.

டியூபின் பின்பக்கம்

முன்பக்கம் இருப்பது கம்பெனி வைத்த பெயர். ஒரே பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து நாலு விதக் களிம்பு விற்கிறார்கள். நமக்கு வேண்டியது பின்பக்கத்துப் பொடி எழுத்து. வீரியத்தை நாலு படியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிதமானது: ஹைட்ரோகார்ட்டிசோன் 1%, டெசோனைடு.
நடுத்தரம்: குளோபெட்டசோன்.
கடுமை: மோமெட்டசோன், ஃப்ளுட்டிகசோன், பீட்டாமெத்தசோன்.
மிகக் கடுமை: குளோபெட்டசால், ஹாலோபெட்டசால்.

நடுத்தரத்தில் இருக்கும் குளோபெட்டசோனையும் கடைசிப் படியில் இருக்கும் குளோபெட்டசாலையும் இன்னொரு முறை பாருங்கள். கடைசி எழுத்துகள்தான் வித்தியாசம். இரண்டிலும் 0.05% என்றுதான் போட்டிருக்கும். ஒன்று நடுத்தரம், மற்றது உச்சம். கடைக்காரர் அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் கதை கந்தல். சீட்டையும் டியூபையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறுவதும் சகஜம். 1% பெரிது, 0.05% சின்னது என்று தோன்றும். வெவ்வேறு மருந்துகளுக்கு நடுவே சதவீதத்தை ஒப்பிடவே முடியாது. 0.05% குளோபெட்டசால், 1% ஹைட்ரோகார்ட்டிசோனைவிட 600 மடங்கு வரை வீரியமானது என்று கணக்கிடுகிறார்கள்.

ஆயின்ட்மென்ட்டா, க்ரீமா, லோஷனா என்பதும் முக்கியம். ஆயின்ட்மென்ட் பிசுபிசுக்கும், ஆனால் காய்ந்து தடித்த தோலில், உள்ளங்கை உள்ளங்காலில் நன்றாக இறங்கும். நீர் கசியும் இடத்துக்கும் மடிப்புகளுக்கும் க்ரீம். தலைக்கு லோஷன்.

எல்லாத் தோலும் ஒன்றல்ல

1967இல் ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் பல இடங்களில் தடவி எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று அளந்தார்கள். முன்கையில் இறங்குவது 1 என்று வைத்துக்கொண்டால் நெற்றியில் 6, தாடையோரத்தில் 13, விதைப்பையில் 42. உள்ளங்காலிலோ 0.14தான். ஆக, காலில் மாதக்கணக்கில் தாங்கும் களிம்பு முகத்தில் சில வாரங்களிலேயே வேலையைக் காட்டிவிடும்.

அதனால் முகம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் மிதமானது மட்டும். அதுவும் முகத்தில் மூன்று முதல் ஐந்து நாள் என்ற அளவில். அதற்கு மேல் தேவைப்பட்டால் டாக்டர் டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புக்கு மாற்றுவார். அது முதல் சில நாள் எரியும். ஒவ்வாமை என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கண் இமையில் டாக்டர் சொல்லாமல் எந்த ஸ்டீராய்டும் வேண்டாம். நீண்ட நாள் பூசினால் கண் அழுத்தம், கண்புரை வரை போகும்.

முகத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது "சிவப்பாக்கும் க்ரீம்" ஒன்றை யாராவது சிபாரிசு செய்வார்கள். பின்பக்கம் பாருங்கள்: பல நேரம் மோமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் மூன்றும் இருக்கும். மங்கு போன்ற நோய்க்கு, சில வாரங்களுக்கு, டாக்டர் கண்காணிப்பில் எழுதும் மருந்து அது. பவுடர் மாதிரி தினமும் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பித்து, பரு வெடித்து, பெண்களுக்குக் கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். சில வருஷம் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களை எனக்கே தெரியும்.

எவ்வளவு?

"லேசாப் பூசுங்க" என்பதுபோலப் பயனற்ற அறிவுரை கிடையாது. என் லேசும் உங்கள் லேசும் ஒன்றா? இதற்கு ஓர் அளவு இருக்கிறது, 1991இல் இங்கிலாந்து மருத்துவர்கள் இருவர் வகுத்தது. பெரியவரின் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். நுனியிலிருந்து முதல் ரேகை வரை களிம்பை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஒரு விரல்நுனி அளவு, ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கைகளை விரல்களோடு சேர்த்து வைத்தால் எவ்வளவு இடம் மறையுமோ, அவ்வளவு தோலுக்கு அது போதும்.

டியூபின் துளை 5 மில்லிமீட்டர் அகலம் என்ற கணக்கில் போட்ட அளவு இது. சின்னத் துளை என்றால் கோட்டை அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பெரியவருக்கு, ஒரு வேளைக்கு எத்தனை விரல்நுனி:
முகமும் கழுத்தும் – 2½
ஒரு கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை – 3
ஒரு கையின் மணிக்கட்டுக்குக் கீழே, இரு பக்கமும் – 1
ஒரு கால் – 6, பாதத்துக்குத் தனியே 2
நெஞ்சும் வயிறும் – 7
முதுகும் பிட்டமும் – 7

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு முழுக் கைக்கு 2, ஒரு முழுக் காலுக்கு 3. இங்கேயும் அளவுகோல் உங்கள் விரல்தான், பிள்ளையின் விரல் அல்ல. இதுவெல்லாம் அந்தப் பகுதி முழுவதும் பாதித்திருந்தால். சின்னவளின் இரண்டு முழங்கை மடிப்பும் சேர்ந்து என் ஒரு உள்ளங்கைக்கு மேல் வராது. அரை விரல்நுனி தாராளம்.

இந்தக் கணக்கு தெரிந்தால் டியூப் எத்தனை நாள் வரவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 15 கிராம் டியூபில் 30 விரல்நுனி. ஒரு முழுக் காலும் பாதமும் என்றால் ஒரு நாளைக்கு 8 போகும், நாலே நாளில் டியூப் காலி. அது தப்பே இல்லை. மாறாக, அதே காலுக்கு ஒரே டியூப் ஒரு மாதம் வந்தால் நீங்கள் பூசவில்லை, தொட்டு வைத்திருக்கிறீர்கள்.

பூசும் முறை

வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாகக் குளியல். பீர்க்கங்கூட்டால் தேய்ப்பது வேண்டாம். நலங்கு மாவும் கரப்பான் ஆறும் வரை ஓரமாக இருக்கட்டும். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, கையைக் கழுவி, அளவைப் பிதுக்கி, பாதித்த இடத்தில் அங்கங்கே புள்ளி வைத்து, முடி வளரும் திசையில் மெல்லப் பரப்புங்கள். தோல் பளபளத்தால் போதும். விக்ஸ் தேய்ப்பதுபோல அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. முடிந்ததும் கையைக் கழுவுங்கள். கைக்கே மருந்து என்றால் கழுவக் கூடாது. ராத்திரி எல்லா வேலையும் முடித்துப் படுக்கப் போகும்போது பூசுவது நல்லது.

பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். இரண்டு வேளை எழுதியிருந்தால் இரண்டு வேளை. மூன்று நாலு வேளை பூசுவதால் குணம் கூடாது, பக்கவிளைவுதான் கூடும். மேலே பிளாஸ்டிக் சுற்றுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் மருந்தை உள்ளே பல மடங்கு தள்ளும். குழந்தைக்கு டயப்பர் போடும் இடமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மாய்ஸ்சரைசர் முதலிலா, ஸ்டீராய்டு முதலிலா? டாக்டர்களிலேயே இதற்கு இரண்டு கட்சி உண்டு. உங்கள் டாக்டர் சொன்ன வரிசையைப் பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே இருபது முப்பது நிமிஷம் விடுங்கள். உடனே பூசினால் ஸ்டீராய்டு வழுக்கிக்கொண்டு நல்ல தோலுக்கும் பரவிவிடும். ஸ்டீராய்டு சில நாள் விருந்தாளி. மாய்ஸ்சரைசர்தான் வீட்டு ஆள், ஆறின பிறகும் தினமும் வேண்டும். சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் வாசலினோடு யாராலும் உட்கார முடியாது. நாங்கள் பகலில் லேசான லோஷன், ராத்திரி வாசலின் அல்லது சுத்தமான தேங்காய் எண்ணெய் என்று பிரித்துக்கொண்டோம். ஓர் எச்சரிக்கை: வாசலின், பாரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். அந்த நைட்டியோடு அடுப்பு முன் நிற்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது?

நம் தோல் மாநிறம், கறுப்பு. கரப்பான் ஆறின பிறகு அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ மாதக்கணக்கில் கிடக்கும். "இன்னும் போகவில்லையே" என்று களிம்பைத் தொடர்வதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. கறை வேறு, கரப்பான் வேறு. கறை ஸ்டீராய்டால் போகாது, தானாகத்தான் மங்கும். ஆகவே கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள தோல்போலவே வழவழப்பாக இருந்து, அரிப்பும் இல்லை என்றால் வேலை முடிந்தது. சொரசொரப்பும் தடிப்பும் இருக்கும்வரை முடியவில்லை. பாதியில் விட்டால் ஒரு வாரத்தில் திரும்பும். கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது என்பதும் விரலை நம்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம். அது ஊதாவாக, சாம்பலாக, வெறும் கருமையாகத் தெரியும்.

உடம்பில் கடுமையான வகை என்றால் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம். குளோபெட்டசால் என்றால் இரண்டு வாரத்தைத் தாண்டவும் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டவும் கூடாது. நாங்கள் இப்போது அட்டைப் பெட்டியின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடுகிறோம்: "சின்னவள், முழங்கை மடிப்பு, ராத்திரி ஒரு வேளை, 12ஆம் தேதி வரை." 12ஆம் தேதிக்குள் ஆறினால் நிறுத்தம். ஆறாவிட்டால் டியூபை நீட்டிக்காமல் டாக்டரிடம் போகிறோம்.

பல வாரம் பூசியிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு நாள் என்று டாக்டர் இறக்குவார். காளாஞ்சகப்படை உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்; கடுமையான களிம்பைத் திடீரென்று விட்டால் நோய் சீழ்க்கொப்புளமாகச் சீறிக்கொண்டு திரும்பலாம். ஒரே இடத்தில் அடிக்கடி வரும் கரப்பானுக்கு, ஆறின பிறகும் வாரம் இரண்டு நாள் மட்டும் அதே இடத்தில் பூசும் முறை ஒன்று உண்டு. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது நன்றாக வேலை செய்தது.

கர்ப்பிணிகள் மிதமானதையும் நடுத்தரத்தையும் டாக்டர் சொன்னபடி பூசலாம். கடுமையானதை ஏராளமாகப் பூசினால் குழந்தையின் எடை குறைய வாய்ப்பு உண்டு. பால் கொடுப்பவர்கள் காம்பைச் சுற்றிப் பூசியிருந்தால் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

தோல் காகிதம்போல மெலிந்தாலோ, பிரசவ வரிபோலக் கோடு விழுந்தாலோ தாமதிக்காதீர்கள். கோடு விழுந்தால் அது நிரந்தரம். நீண்ட நாள் பூசி நிறுத்திய சில நாளில் அல்லது சில வாரத்தில், பழைய இடத்தையும் தாண்டித் தோல் சிவந்து எரிந்தால், அது ஸ்டீராய்டை விட்டதால் வரும் எதிர்வினையாக இருக்கலாம். மறுபடி டியூபை எடுக்காமல் காட்டுங்கள். கைக்குழந்தைக்குக் களிம்பு பூசிவரும்போது முகம் மட்டும் நிலாபோல உப்பினால் உடனே போக வேண்டும். கரப்பான் இடத்தில் குத்தி எடுத்ததுபோலச் சின்னச் சின்னக் குழிப்புண்கள் திடீரென்று கிளம்பி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அது அவசரம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு போட்டால் பார்த்துவிடலாம். போகும்போது இதுவரை பூசிய எல்லா டியூபையும், நசுங்கியது காலியானது உட்பட, ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். "வெள்ளை டியூப், பச்சை மூடி" என்று சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. நோய் முற்றியிருந்த நாளில் போனில் எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் போய் உட்காரும் அன்றைக்குத்தான் அது சமர்த்தாக அடங்கி இருக்கும்.